பெயின்ற் மூடியும் பூனையின் அலறலும்

திருகோணமலை மத்திய வீதியிலிருந்து சற்று உள்ளே, பதாகை அச்சிடும் சிறிய கடையைப் பதினாறு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். தேர்தல் வந்தால் வேட்பாளர்களின் முகங்கள், திருவிழா வந்தால் அம்மனும் பிள்ளையாரும், இவை இரண்டும் இல்லாத நாட்களில் கண்ணீர் அஞ்சலிகளும் பிறந்தநாள் வாழ்த்துகளும் என்று கடையின் ஆண்டு ஓடிவிடும். இவற்றுள் குழந்தைகளின் பிறந்தநாள் பதாகைகளைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. எந்தக் கார்ட்டூன் பாத்திரம் எத்தனை காலம் உயிரோடிருக்கிறது என்பதை அறிவதற்கு இவற்றைவிட நேர்மையான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, தம் பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகத்தை வைக்கச் சொல்லும்போது, பெற்றோர் எவரும் பொய்யாகத் தெரிவு செய்வதில்லை.

கடைக் கணினியில் 'கார்ட்டூன்' என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கிறது. அதிலுள்ள படங்களைக் கடைசியாகத் திறந்த நாளின்படி வரிசைப்படுத்திப் பார்த்தால், அது ஒரு மயானம் போலவே தோன்றும். கடை தொடங்கிய காலத்தில் ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் பென் டென், பெண்பிள்ளைகளுக்கெல்லாம் டோரா. பின்னர் லட்டுத் தின்று பலம் பெறும் சோட்டா பீம் வந்தான். அதன் பின் மோட்டு பட்லு, பெப்பா என்னும் பன்றிக்குட்டி என்று ஒவ்வொன்றும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓகோவென்று ஆடிவிட்டுக் கீழே இறங்கிப் போயின. இந்த வரிசையில் அடிமட்டத்துக்கு இறங்காமலேயே இருப்பது 'மிக்கி ஒரு வயது' என்ற கோப்பு. நேற்றும் அதைத் திறந்தேன்.

இதில் விசித்திரம் என்னவென்றால், மிக்கி மவுஸை யாரும் பார்ப்பதில்லை. பதாகைக்கு வரும் தகப்பன்மாரிடம் பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறேன்: மிக்கி வரும் கதை ஒன்றையாவது சொல்ல முடியுமா? சிரிப்பார்கள். எலி என்று தெரியும், சிவப்புக் காற்சட்டை என்று தெரியும், பொட்டு வைத்த சட்டையோடு மினி என்று ஒரு சோடி உண்டு என்பதும் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. உலகத்தில் அதிகம் அறியப்பட்ட கார்ட்டூன் பாத்திரம், எங்கள் ஊரைப் பொறுத்தவரையில், ஒரு படம்கூடப் பார்க்கப்படாத நட்சத்திரம்.

அந்த எலி பிறந்த கதை ஒரு முயலைப் பறிகொடுத்த கதையாகத் தொடங்குகிறது. 1927 இல் வோல்ட் டிஸ்னியின் படத்தயாரிப்புக் கூடம் ஒஸ்வால்ட் என்ற முயலை உருவாக்கியது. படங்கள் நன்றாக ஓடின. ஆனால் முயலின் உரிமை யுனிவர்சல் நிறுவனத்திடம் இருந்தது. மறு ஆண்டு சம்பளப் பேச்சுக்குப் போன டிஸ்னி முயலையும் தம் ஓவியர்களில் பெரும்பாலானவர்களையும் இழந்துவிட்டுத் திரும்பினார். அவரோடு நின்ற ஓவியர் அப் ஐவர்க்ஸ். முயலின் நீண்ட காதுகளைக் கழற்றிவிட்டு இரண்டு வட்டங்களை வைத்தது போலத்தான் மிக்கி அமைந்தது. முதலில் வரைந்த படத்தை 1928 மே மாதத்தில் திரையிட்டுக் காட்டியபோது வாங்க ஆள் வரவில்லை. அதே ஆண்டு நவம்பர் 18 ஆம் திகதி நியூயோர்க்கின் கொலனி அரங்கில், இசையும் சத்தமும் அசைவோடு ஒட்டி வருமாறு செய்யப்பட்ட 'ஸ்டீம்போட் வில்லி' வெளியானபோதுதான் எலிக்குக் காலம் பிறந்தது. (அந்த முயல் 2006 இல் டிஸ்னி நிறுவனத்துக்குத் திரும்பக் கிடைத்தது, ஒரு விளையாட்டு வர்ணனையாளரை இன்னொரு நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக முயலை வாங்கிக்கொண்டார்கள். மாட்டைக் கொடுத்து ஆட்டை வாங்கிய கதைகளை நாங்கள் கேட்டதுண்டு. ஆளைக் கொடுத்து முயலை வாங்கியது இதுவாகத்தான் இருக்கும்.)

வட்டங்களுக்குக் காரணம் அழகு அல்ல, அவசரம். திரையில் ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. ஒரே படத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினாலும் நொடிக்குப் பன்னிரண்டு படங்கள் வேண்டும்; ஏழு நிமிடத்துக்கு ஐயாயிரத்துக்கு மேல். அத்தனையையும் கையால் வரைய வேண்டியிருந்தவர்கள், கை தானாகவே போட்டுவிடக்கூடிய வடிவத்தைத் தேடினார்கள். விரல்கள் நாலாகக் குறைந்ததும் அதே கணக்கினால்தான். இன்னொரு தந்திரமும் உண்டு. மிக்கி எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாலும் காதுகள் இரண்டும் முழு வட்டமாகவே இருக்கும். உண்மையான எலி பக்கவாட்டில் திரும்பினால் காது மெலிந்து ஒடுங்கித் தெரிய வேண்டும். கேத்திர கணிதத்தின்படி அது பிழை. ஆனால் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக அந்தப் பிழை எவர் கண்ணையும் உறுத்தவில்லை.

அந்த வட்டங்களின் வலுவை நான் நேரில் கண்டது எங்கள் வீட்டுக்குப் பக்கத்து முன்பள்ளிச் சுவரில். பல ஆண்டுகளுக்கு முன்பு, பெயர்ப்பலகை எழுதும் மூத்த ஓவியர் ஒருவர் அந்தச் சுவரில் படம் வரைய வந்திருந்தார். பதாகை இயந்திரங்கள் வந்து அவரது தொழிலைப் பாதியாகக் குறைத்திருந்த காலம் அது. எனக்கு அவரைக் காணச் சற்றுக் கூச்சமாகவும் இருந்தது. அவர் தூரிகையை எடுக்கவில்லை. நாலு லீற்றர் பெயின்ற் வாளியின் மூடியைச் சுவரோடு வைத்து, வெண்கட்டியால் சுற்றிக் கோடு போட்டார். பிறகு ஒரு லீற்றர் ரின்னின் மூடியை எடுத்து, மேலே இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று. மூன்றாவது வட்டம் முடிவதற்குள் வேலிக்கு வெளியே நின்ற பிள்ளைகள் "மிக்கி, மிக்கி" என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். கண் இல்லை, மூக்கு இல்லை, வர்ணம் இல்லை. சாம்பல் நிறச் சுவரில் வெண்கட்டி வளையங்கள் மூன்று மட்டும்தான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, இதுக்குக் கைத்திறன் தேவையில்லை, மூடி இருந்தாக் காணும்" என்றார்.

பிற்பகலில் அதே சுவரின் மறு அந்தத்தில், தம் கைத்திறனையும் காட்ட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கோட்டைக்குள் திரியும் புள்ளிமான் ஒன்றை வரைந்தார். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் அந்தப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்கும் மான்தான். ஈரம் மின்னும் மூக்கும், ஒரு காலைத் தூக்கிப் பயந்து நிற்கும் நிலையுமாக, உண்மையிலேயே உயிருள்ள படம். ஒரு பிள்ளை அதை ஆடு என்றது; இன்னொன்று மாடு என்றது. ஓவியர் ஒன்றும் சொல்லாமல் தூரிகையைக் கழுவினார்.

அமெரிக்கச் சட்டத்தில், 1928 ஆம் ஆண்டின் அந்தக் கறுப்பு வெள்ளை மிக்கி 2024 ஜனவரி 1 ஆம் திகதி பொதுச் சொத்தாகிவிட்டது. பின்னர் வளர்ந்த மிக்கிகளில் பலவற்றுக்கு இன்னும் காலம் இருக்கிறது. இந்தச் செய்தி வந்த அன்று எங்கள் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர், இனி நாங்கள் பயமில்லாமல் அச்சிடலாம் என்று எனக்கு எழுதினார். இதற்கு முன்பு எந்த நாளில் பயந்தோம் என்று நான் கேட்கவில்லை.

துறைமுகப் பட்டினம் என்பதால், மாலுமிகளுக்கு இங்கே தனிச் செல்வாக்கு இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. 1957 வரைக்கும் பிரித்தானியக் கடற்படை தங்கியிருந்த ஊர் இது. டொனால்ட் வாத்து 1934 இல் வந்த நாளிலிருந்து மாலுமிச் சட்டையோடுதான் திரிகிறது. பொப்பாய் முழு மாலுமி: 1929 ஜனவரியில் பத்திரிகைச் சித்திரத்தொடரில் துணைப்பாத்திரமாகத் தலைகாட்டி, கதைநாயகர்களையே ஓரங்கட்டிவிட்டு, 1933 இல் ஃப்ளைஷர் கூடத்தின் வழியாகத் திரைக்கு வந்தவன். அவன் முன்கைகளில் நங்கூரம். நங்கூரம் என்றால் அங்கர் பால்மாப் பெட்டியும் துறைமுகமும் மட்டுமே நினைவுக்கு வரும் இந்த ஊரில், அவன் சொந்தக்காரனைப் போல இருந்திருக்கலாம். ஆனாலும் பதினாறு ஆண்டுகளில் பொப்பாய் கேட்டு வந்தவர் ஒரேயொருவர். அவரும் பிறந்தநாளுக்கல்ல, படகின் அணியத்தில் ஒட்டுவதற்காக, முகத்தை விட்டுவிட்டு அந்தக் கையை மட்டும் கேட்டவர்.

அவனுடைய பசளிக்கீரையைப் பற்றி ஒரு சொல். இரும்புச் சத்தைக் கணக்கிட்ட விஞ்ஞானி தசமப் புள்ளியைத் தவறாக வைத்துவிட்டதால்தான் பொப்பாய் கீரை தின்றான் என்று ஒரு கதை உலவுகிறது. படித்தவர்களும் இதைச் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் பொப்பாயை வரைந்த சீகர், 1932 ஆம் ஆண்டின் சித்திரத்தில், கீரையின் பெருமையாக விற்றமின் ஏ யைத்தான் அவன் வாயால் சொல்ல வைத்தார். இரும்பைப் பற்றிய பேச்சே அங்கில்லை. டெக்சாஸில் கீரை பயிரிடும் கிறிஸ்டல் சிற்றி என்ற ஊர் 1937 இல் அவனுக்குச் சிலையே வைத்தது. எங்கள் வீட்டில் அம்மா அந்தக் கீரையைப் பொன்னாங்காணி என்றே எங்களுக்குச் சொல்லி ஊட்டினார். எந்த விஞ்ஞானியின் தவறையும்விடப் பெரிய புரட்டு அதுதான், ஆனால் பலித்தது.

பேசி வாழும் பாத்திரங்களின் கதை வேறு. எண்பதுகளின் கடைசியில், மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாத நாட்களில், பெரியம்மா வீட்டில் பற்றறியில் ஓடும் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி இருந்தது. பற்றறி இறங்கிவிடும் என்பதற்காக, பெரியவர்களின் செய்திக்கும் எங்களின் கார்ட்டூனுக்கும் மட்டுமே அதைப் போடுவார்கள். பாயில் வரிசையாக இருந்து நாங்கள் பார்த்தது பக்ஸ் பனி. ஆனால் அந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு அது 'ஹா ஹா ஹரி ஹாவா'. ஹாவா என்றால் சிங்களத்தில் முயல். 1982 பெப்ரவரியில் தொடங்கிய ரூபவாஹினியில், ஒலிமாற்றப் பிரிவை நடத்திய திரைப்படக் கலைஞர் டைட்டஸ் தொட்டவத்த, அந்த முயலுக்குச் சிங்களத்தை மட்டுமல்ல, சிங்களக் கிராமத்துச் சந்தியில் நின்று வம்பளக்கும் ஒருவனின் நாக்கையும் கொடுத்திருந்தார். அமெரிக்காவில் 1940 இல் டெக்ஸ் ஏவரி இயக்கி, மெல் பிளாங்க் குரல் கொடுத்து உருவான அந்த முயலின் உயிர் அதன் வாயில்தான் இருக்கிறது. துவக்கின் குழலுக்கு நேரே நின்று கரட்டைக் கடித்துக்கொண்டு நலம் விசாரிப்பதில் உள்ள திமிரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால், அது அந்த இடத்திலேயே செத்திருக்கும்.

சிங்களம் தெரியாத நாங்கள் அந்த முயலிடம்தான் சிங்களம் கற்றோம். பிறகு பல ஆண்டுகள், சோதனைச் சாவடிகளில் நான் பேசிய சிங்களத்தில் பாதி அந்த முயலுடையது என்பதை அங்கே நின்றவர்களிடம் சொல்லும் துணிவு எனக்கு வந்ததில்லை. தொட்டவத்த 2011 இல் காலமானபோது, அந்த முயலின் குரலுக்காக வருந்திய தமிழர்கள் எங்கள் தலைமுறையில் கணிசமாக இருந்திருப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கோ அதே முயல் புத்தகப்பையில் இருக்கும் ஒரு படம், அவ்வளவே. தமிழில் அதற்கு அப்படியொரு நாக்கு எங்களுக்குக் கிடைக்கவில்லை. பேச்சால் வாழும் பாத்திரத்தின் ஆயுள், அதைப் பேச வைப்பவரின் கையில்தான் இருக்கிறது.

அந்த நாக்கு வேறொரு பாத்திரத்தின் வழியாகச் சென்னையிலிருந்து வந்தது. 2007 இல் சுட்டி டிவி தொடங்கி, டிஷ் அன்ரெனாக்கள் எங்கள் ஓட்டுக் கூரைகளில் முளைத்த பின்னர், என் பெறாமகள் டோராவோடு வளர்ந்தாள். டோரா ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணை அகல விரித்துக்கொண்டு சில நொடிகள் காத்திருக்கும். அந்த இடைவெளிக்குள் பதில் சொல்லாவிட்டால் கதை நகராது என்ற நம்பிக்கையோடு, அவள் சமையலறைக்குக் கேட்கும்படி கத்துவாள். அத்தோடு நிற்கவில்லை. ஒருநாள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "அம்மம்மா, சீக்கிரம் வாங்க" என்றாள். அம்மா படியில் நின்றபடியே, "கெதியா வாங்கோ எண்டு சொல்லு பிள்ளை" என்று திருத்தினார். இரண்டு சொற்களும் அந்த வீட்டில் சில ஆண்டுகள் சண்டை பிடித்தன. ஆறு வயதில் அவள் டோராவை விட்டாள், 'கெதியா' வென்றது. இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவளிடம் டோராவை நினைவூட்டினால் முகம் சிவந்துவிடுகிறது. விடுமுறைக்கு வந்த பொழுதில் தொலைக்காட்சியில் ரொமும் ஜெரியும் ஓடினால் மட்டும், சோற்றுக் கோப்பையோடு வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அவளுக்குப் பின்னால் அம்மாவும்.

இந்தப் பூனையும் எலியும் என் கோப்புறையில் முதலிடத்தில் இல்லை. பிறந்தநாளுக்கு அழகான சோடி அல்ல அது. எவராவது ஒருவர் கையில் சட்டியோ வெடியோ இருக்கும். ஆனால் இந்த ஊரில் உண்மையிலேயே பார்க்கப்படும் கார்ட்டூன் எது என்று கேட்டால், எனக்கு இரண்டாவது பேச்சில்லை. 1940 பெப்ரவரி 10 ஆம் திகதி, எம்.ஜி.எம். நிறுவனத்தில் வில்லியம் ஹானாவும் ஜோசப் பார்பராவும் செய்த முதற் படத்தில் பூனையின் பெயர் ஜாஸ்பர். பூனையும் எலியும் பழைய சங்கதி, இதோடு போதும் என்று மேலிடத்தில் நினைத்தார்கள். படத்துக்கு ஒஸ்கார் நியமனம் கிடைத்து, டெக்சாஸில் திரையரங்குகளோடு தொடர்புடைய ஒருவர் இன்னும் வருமா என்று கடிதமும் எழுதிய பின்னர்தான் மனம் மாறினார்கள். கூடத்துக்குள் நடத்திய பெயர்ப் போட்டியில், ஐம்பது டொலர் பரிசோடு ரொம், ஜெரி என்ற பெயர்கள் வந்தன. 1958 வரை இருவரும் 114 குறும்படங்கள் செய்தார்கள். ஏழுக்கு ஒஸ்கார் கிடைத்தது.

அந்தப் படங்களில் வீட்டு வேலைக்காரியாக வரும் கறுப்பினப் பெண்ணுக்கு முகம் கிடையாது; காலும் செருப்பும் விளக்குமாறும்தான். சிறு வயதில் அது சட்டம் போட்ட சித்திரத்தின் எல்லை என்றே நினைத்தேன். வேலைக்காரிக்கு முகம் தேவையில்லை என்று முடிவெடுத்த காலத்தின் எல்லை அது என்பது வளர்ந்த பிறகுதான் உறைத்தது. வெடித்த பின் முகம் கறுத்து, கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் நகைச்சுவைகளும் அப்படியே. அவற்றைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால், இதைச் சொல்லாமல் அந்தப் படங்களைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

ரொமும் ஜெரியும் நிலைத்ததற்குக் காரணம் அவை பேசுவதில்லை என்பதே என்று பலரும் சொல்வார்கள். மூன்று சமூகத்தவரும் கலந்து வாழும் ஊரில் இருந்து பார்க்கையில், அது சரியான விடை போலத்தான் தெரியும். ஆஸ்பத்திரி மண்டபத்திலும், வங்கி வரிசையிலும், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே நொடியில் சிரிப்பது அந்தப் பூனை விழும்போது மட்டும்தான். ஆனால் பேசாமை போதுமென்றால், இன்றைக்கும் ஃபீலிக்ஸ் என்ற பூனையல்லவா எங்கள் பதாகைகளில் இருக்க வேண்டும்? 1919 இல் வந்த ஃபீலிக்ஸ், மௌனப்பட யுகத்தின் பெருநட்சத்திரம். 1928 இல் நியூயோர்க்கில் தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பரிசோதித்தவர்கள், சுழலும் தட்டில் நிறுத்திப் படம்பிடித்ததும் ஃபீலிக்ஸ் பொம்மையைத்தான். அதே ஆண்டின் இறுதியில் சத்தத்தோடு மிக்கி வந்தது. ஃபீலிக்ஸின் சந்தை சரிந்தது. எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் எவருக்கும் தெரியாது.

பேசாமல் இருப்பது வேறு, ஓசையில்லாமல் இருப்பது வேறு. ரொம் பேசுவதில்லையே தவிர, அதைப்போல் சத்தம் போடும் பாத்திரம் இல்லை. ஸ்கொட் பிராட்லி என்ற இசையமைப்பாளர், பூனையின் ஒவ்வோர் அடிக்கும் இமைப்புக்கும் வாத்தியக் குழுவைக் கொண்டு பதில் எழுதினார். எலி படியேறினால் சுரம் ஏறும். பூனை பதுங்கினால் தாளம் பதுங்கும். 1947 இல் ஒஸ்கார் பெற்ற படத்தில் ரொம் பியானோவில் வாசிப்பது லிஸ்டின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சோடி. அதன் பெயர் தெரியாமலேயே அதை முணுமுணுக்கக்கூடியவர்கள் எங்கள் ஒழுங்கையில் பத்துப் பேராவது இருப்பார்கள். வாலில் பொறி விழும்போது எழும் அந்தப் புகழ்பெற்ற அலறல், இயக்குநர் ஹானாவின் சொந்தத் தொண்டையிலிருந்து வந்தது.

இதற்குச் சான்று எங்கள் சிறுவயதிலேயே இருந்தது. இடையிடையே வரும் சில படங்களைக் கண்டவுடன் நாங்கள் "கள்ள ரொம்" என்று கத்துவோம். 1961 முதல், ஜீன் டைட்ச் என்ற அமெரிக்கர் பிராக் நகரத்தில் இருந்து செய்த பதின்மூன்று படங்கள் அவை என்பது பின்னர்தான் தெரிந்தது. மூலப் படங்களை அதிகம் பார்த்திராத ஓவியர்களைக் கொண்டு, சிறு செலவில் செய்தவை. கோடுகள் மாறியிருந்தது உண்மைதான். ஆனால் பாயில் படுத்தபடி முகத்தைத் திருப்பாமலே கள்ளன் வந்துவிட்டான் என்று எங்களுக்குத் தெரிந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப் போல எதிரொலித்த அந்தச் சத்தத்தால்தான்.

நான் முடிவெட்டப் போகும் சலூனில் தொலைக்காட்சி பின்சுவரில் இருக்கிறது. கதிரையில் இருப்பவர் எதிரே உள்ள கண்ணாடியில்தான் அதைப் பார்க்க வேண்டும். எழுத்துகள் இடம்வலம் மாறித் தெரியும். ரொமுக்கும் ஜெரிக்கும் அதனால் ஒரு குறையும் இல்லை என்பதால், பிள்ளைகள் வந்தால் முடிதிருத்துபவர் அதைத்தான் போடுவார். சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஐந்து வயதிருக்கும் பையன் ஒருவனைக் கதிரையின் கைகளுக்குக் குறுக்கே வைத்த பலகையில் இருத்தியிருந்தார்கள். மெஷினின் இரைச்சலுக்குப் பயந்தவன். ஆனால் கண்ணாடியில் பூனை எலியைத் துரத்திக்கொண்டிருந்ததால் சிரித்தபடியே கழுத்தைக் கொடுத்தான். பாதித் தலை முடிந்திருக்கும். பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. முடிதிருத்துபவர் றிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுதாகக் குறைத்தார்.

படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சட்டி வந்து முகத்தில் அடித்து, பூனையின் முகம் சட்டியின் வடிவத்துக்கே தட்டையானது. சத்தமில்லை. பையன் சிரிக்கவில்லை. கண்ணாடியில் அவன் பார்வை பூனையை விட்டு மெல்ல இறங்கி, தன் காதுக்குப் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்த மெஷினில் வந்து நின்றது. கீழுதடு பிதுங்கத் தொடங்கியது. முடிதிருத்துபவர் மெஷினை நிறுத்திக் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் பொறு மகன்," என்றார், "இப்ப சத்தம் வரும்." பாங்கு முடியும் வரைக்கும், பாதி வெட்டிய தலையோடு அவனும், தூக்கிய கையோடு அவரும், முறை வருவதற்காக வாங்கில் இருந்த நாங்கள் மூன்று பேரும், ஓசையில்லாமல் விழுந்து எழும்பும் பூனையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம்.